பதினேழு சதவீதம்

பண்டைய வரலாற்றில் முதுகலை முடித்தவனுக்குப்
பேரளம் கொள்முதல் நிலையத்தில் வேலை:
ஈரமானியில் நெல்லைப் போட்டு எண் வாசிப்பது.
பருவகாலப் பட்டியல் எழுத்தர்.
பருவம் முடிந்தால் எழுத்தரும் முடிந்தார்.

பதினேழு வரை வாங்கலாம்.
பதினேழு புள்ளி ஒன்று என்றால்
காயட்டும்.
எதில் காய்வது என்று ஆணையில் இல்லை.
ஐப்பசி மழை நாலு நாளாகத்
தார்ப்பாய் மேல் குந்தியிருக்கிறது.

தளர்வு வரும் என்கிறார்கள்.
மண்டலம் சென்னையைக் கேட்டிருக்கிறது,
சென்னை டெல்லியைக் கேட்டிருக்கிறது,
டெல்லி ஒரு குழுவை அனுப்பும்,
குழு நெல்லைக் கையில் அள்ளி முகர்ந்து பார்க்கும்.
அதுவரை அந்த அறுபத்திரண்டு மூட்டையும்
பூந்தோட்டம் தையல்நாயகியுடையது.
முளைத்தால் முளையும் அவளுடையதே.

ஏதென்ஸில் தானியக் காவலர் என்று ஒரு பதவி.
தேர்வில் இரண்டு மதிப்பெண்.
ஆள் பிடித்து வாங்கியதல்ல, குலுக்கிப் போட்டது.
வெள்ளை அவரை விழுந்தால் பதவி,
கறுப்பு விழுந்தால் வீட்டுக்குப் போகலாம்.
மாவு என்ன விலை, ரொட்டி என்ன எடை,
துறைமுகத்தில் பதுக்கியவன் எவன்,
ஓராண்டு கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும்.
பதுக்கியவனை விட்டுவிட்ட காவலருக்கு
மரணமும் விதித்திருக்கிறார்கள்.

எனக்கு மூட்டைக்கு நாற்பது விதித்திருக்கிறார்கள்.
அதில் என் பங்கு மூன்று.
மீதி எங்கே போகிறது என்று தெரியாது.
தெரியாமல் இருப்பதற்குத்தான் அந்த மூன்று.

எகிப்தில் ரோமாபுரிக்காகக் கோதுமை அளந்தார்கள்.
ஒரு ரசீதின் படம் பாடநூலில் இருந்தது,
ஓரத்தை எலி கடித்ததுபோல் ஒரு நாணற்தாள் துண்டு.
முதலில் பேரரசரின் ஆண்டு.
பிறகு ஊர், பிறகு அளவு.
கடைசியில் களஞ்சிய எழுத்தன் தன் பெயரைப் போட்டு
ஒரே சொல்: அளந்தேன்.
பேரரசு போய்ச் சேர்ந்தது.
அளந்தேன் மட்டும்
ஏதோ ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

என் ரசீதை இயந்திரம் துப்புகிறது.
அதில் நிலைய எண் உண்டு, என் பெயர் இல்லை.
ஆறு மாதத்தில் எழுத்து வெளுத்துவிடும்.

மதியம் அவள் மேசைக்கு வந்தாள்,
முந்தானையில் சிட்டா அடங்கல் நனையாமல்.
"கருவியை என் கண்ணு முன்னால வை.
எண்ணைச் சத்தமா வாசி."

பத்தொன்பது புள்ளி நாலு.

"இன்னும் சத்தமா."

சுமைதூக்கும் அந்தோணிராஜ்
முதுகில் மூட்டையோடு நின்றுவிட்டான்.
டிராக்டர்க்காரன் பாட்டை அணைத்தான்.
பத்தொன்பது புள்ளி நாலு!

"ராத்திரி வந்த லாரி,
முந்நூறு மூட்டை இருபத்தொண்ணு ஈரத்துல ஏறுச்சே,
அதை எந்த எண்ணு சொல்லி வாசிச்ச?"

ஏதென்ஸில் பதவி முடிந்தால்
கணக்கோடு சபைமுன் நிற்க வேண்டும்.
அறிவிப்பாளன் கூவுவான்:
குற்றம் சாட்ட விரும்புகிறவன் எவன்?
விரும்பிய எவனும் எழலாம்.
எவன்தான். எவள் இல்லை.
அந்தக் கூட்டத்தில் தையல்நாயகி நுழைந்திருக்க முடியாது.
வினாத்தாள் அதைக் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

இங்கே அறிவிப்பாளன் கிடையாது.
அவளே கூவி, அவளே எழுந்து,
என் மேசையில் கை ஊன்றி நிற்கிறாள்.
அவளுக்குப் பின்னால், ஒரு சாக்கின் தையல் பிரிந்த இடத்தில்
வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்க்கிறது.

பட்டியல் தாளைத் திருப்பி
பேனாவால் எழுதினேன்:
லாரி எண், நேரம், இருபத்தொன்று.
அளந்தேன். கோ. பாலகுரு.
கை நடுங்கியதில் கடைசி எழுத்துக்குக் கால் நீண்டுவிட்டது.
பையில் அந்த மூன்றுகள் அப்படியே இருந்தன,
அவற்றை எங்கே எழுதுவது என்று தெரியவில்லை.

வாங்கிப் பார்த்தாள்.
இருபுறமும் திருப்பிப் பார்த்தாள்.
"இதுல சீல் இல்லையே."

சீல் இழுப்பறையில் இருக்கிறது.
சாவி நன்னிலத்தில்,
கண்காணிப்பாளர் பையில்.