புள்ளி மிதி

திங்கட்கிழமை, மனுநாள்.
கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே
என் கீபோர்டுக்கு ஒரு மூடி உண்டு:
பெயர்ப்பலகைக் கடையில் மிஞ்சிய அக்ரிலிக்,
எழுத்துக்கு ஒரு துளை.
அடிப்புறம் ஏதோ ஒரு வக்கீலின் பாதிப் பெயர்
தலைகீழாய்க் கிடக்கிறது.

விரல் உதறி உதறித்தான்
துளைக்குள் விழும்.
முன்பெல்லாம் ஒரு ககரம் கேட்டால்
கககககக என்று
காக்கை கத்திவிட்டுப் போகும் திரையில்.
ரெஜினாள் வந்து அமைப்பை மாற்றினாள்:
முக்கால் நொடி தங்கினால்தான் எழுத்து.
அதற்குள் விலகினால் வெறும் நடுக்கம்,
கணக்கில் சேராது.

என்னைச் சட்டென்று நம்பாமல்
எனக்கு உதவியது இது ஒன்றுதான்.

புள்ளிதான் பெரும்பாடு.
தமிழில் எத்தனை புள்ளி என்று
விரல் நோகிறவளிடம் கேளுங்கள்.
பென்ஷனில் இரண்டு,
கால்வாய்க்கு இரண்டு,
தீர்வு என்ற சொல்லிலும் ஒன்று.
அதைக் காலுக்குக் கொடுத்துவிட்டேன்:
மைதீன் டெய்லரின் பழைய மோட்டார் மிதி,
ரெஜினாள் பற்றவைத்த ரெண்டு வயர்.

களக்காட்டுக்காரர் ஒருவர்
மேசைக்கடியில் குனிந்து பார்த்தார்.
"என்ன தாயி, மனுவத் தைக்கியா?"
"இல்ல அண்ணாச்சி, புள்ளி வைக்கேன்."
"நல்லா அழுத்தி வையி. இது அஞ்சாவது மனு."

அச்செடுத்துக் கொடுத்தேன்.
சாலையைக் கடந்து
வரிசையின் வாலில் போய் நின்றார்.

அந்தக் கட்டடத்துக்கு
எத்தனை நொடி அழுத்தினால்
எழுத்தென்று நம்பும்?
அமைப்பு எங்கே இருக்கிறதென்று
ரெஜினாளுக்கும் தெரியவில்லை.

அடுத்த ஆள் உட்கார்ந்தார்.
பெயர் கேட்டேன்.
சுடலைமுத்து.
நல்லவேளை, ஒரே ஒரு புள்ளி;
அதுவும் தானாக விழும்.