விளக்குக் கணக்கு

அலெக்சாந்திரியாவில், ஏரிக்கரைத் தெரு வீட்டில்
சப்பத்தாயோஸ் எபிரேயம் படிக்கிறார்,
நான் கிரேக்கத்தில் எழுதுகிறேன்.
நாளுக்கு ஒரு பத்தி. சில நாள் ஒரே வரி.
இந்த வாரம் முழுக்க
வழியை மறித்து நிற்பவர்கள் திருடர்கள்.

கானாவ் என்பவன் இருட்டில் வருபவன்.
சுவரில் கன்னம் வைப்பான்.
பிடிபட்டால் ஒன்றுக்கு இரண்டாய்த் தரவேண்டும்.
அந்த வேரைக் கொண்டே மனசையும் திருடலாம்,
புயல் பதரை அள்ளிப் போவதைச் சொல்லலாம்,
நள்ளிரவில் காதுக்குள் நழுவும் சேதியையும்.
"உங்களிடம் இப்படி ஆளுண்டா?"
உண்டு, கிளெப்டேஸ் என்றேன்.
ஆனால் புயலை அவன் தொட்டதில்லை.

காஸல் பகலில் நடப்பது.
முகத்துக்கு நேரே வந்து
கையில் இருப்பதைப் பறிப்பது.
எலும்பிலிருந்து தோலை உரிப்பதற்கும் அதுதான்.
லேஸ்டேஸ் போடலாமா,
சதுப்பு நாணலுக்குள் படகை ஒளித்துவைத்திருப்பார்களே?
"எல்லாரும் நாணலுக்குள் இல்லை, பிலிஸ்கோஸ்.
சிலர் மெத்தையில் சாய்ந்திருக்கிறார்கள்."
சரி, பருந்தின் வினை ஒன்று எங்களிடம் உண்டு,
ஹர்பாஸோ.
தாடியைச் சொறிந்தார். சிரித்தார்.
அவர் மொழியில் அதே மூன்று எழுத்தை
வேறு மூச்சில் சொன்னால்
கோஸால், இறகு முளைக்காத குஞ்சாம்.
பருந்தும் குஞ்சும் ஒரே கூட்டில்.
இதை எந்தக் கிரேக்கத்தில் நான் எழுத?

அப்போதுதான் தாவேஸ் வந்தாள்,
ஆமணக்கெண்ணெய்க் குடத்தோடு, மூன்றாவது தடவை.
மூன்று மாதம் எண்ணெய் ஊற்றிய கூலி.
நாளை என்றேன் நான்.
நாளை என்றார் அவர், தலை நிமிராமல்.
திரியைத் தூண்டிவிட்டுப் போனாள்.

அடுத்த வரியில்
கூலி ஒன்று விடியும்வரை தங்க இடம் கேட்டது.
கூடாது என்றது சட்டம்.
அங்கேதான் இருந்தது ஓஷெக் என்ற சொல்.
அதில் சுவர் உடைவதில்லை. யாரும் ஓடுவதில்லை.
கை எதையும் எடுப்பதுகூட இல்லை,
விரல்களை மூடிக்கொள்கிறது.
அநியாயம் என்று எழுதிவிடவா என்றேன்.
அகலமான வலை அது,
கண்ணிகள் பெரியவை,
எந்த மீனும் சிக்காது.
அவருக்குப் பிடித்துப்போயிற்று.

சீரக ரொட்டி தின்ன உள்ளே போனோம்.
திரும்பினால் கும்மிருட்டு.
விளக்கைக் காணோம்:
வெண்கலம், வாத்துத்தலைப் பிடி,
அவருடைய மாமனார் சீர்.

"கானாவ்!" என்று கத்தினார்.
பழக்க தோஷம், திருத்தினேன்.
ஐயா, கதவு திறந்திருந்தது, கன்னம் வைக்கவில்லை.
"அப்படியென்றால் காஸல்!"
கத்தி இல்லை, யாரையும் தள்ளவில்லை.
வாயிற்காவலன் பெட்டோசிரிஸ் பார்த்திருக்கிறான்:
இடுப்பில் குழந்தையைப் போல வைத்து,
மூக்கில் வழிந்த எண்ணெயை முந்தானையால் துடைத்து,
நிதானமாக நடந்திருக்கிறாள்.
எப்போது கொண்டுவருவாய் என்று கேட்டானாம்.
நாளை என்றாளாம்,
நல்ல கிரேக்கத்தில்.

வெகுநேரம் பேச்சில்லை.
சுருளை அவர் சுற்றும் சத்தம் மட்டும்.
பிறகு சொன்னார்:
"விளக்கின் விலையைக் கூலியில் கழி."
கூலி பன்னிரண்டு திராக்மா.
விளக்கு ஐந்து பெறும்.
இருட்டில் விரல்விட்டுப் பார்த்தேன், மீதம் ஏழு.
"ஏழு என்று எழுதிவை."

எழுத வெளிச்சம் இல்லையே, ஐயா.