முகம் அசையாத வேலை

மணிக்குப் பதினான்கு யூரோ.
வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு
மேசைக்குப் பின்னால் உட்கார வேண்டும்.
எதிரே ஒருவர் நின்று பேசுவார்.
தலையாட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது,
‘ம்’ கொட்டக் கூடாது.

ட்ரியர் நகரத்தின் குன்றின்மேல்
ஜன்னலில்லாத ஓர் அறை.
எனக்கு வேலை எளிதாகத்தான் வந்தது.
வெளிநாட்டவர் அலுவலகத்தில்
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
நான் பார்த்துப் பழகிய முகம்தான் அது.

செவ்வாய்க்கிழமை கெர்னோட் தீலன் வந்தார்.
நாற்பத்தாறு வயது. கற்பலகைக் கூரை போடுபவர்.
ஐந்து நிமிடம் தன்னைப் பற்றிப் பேசினார்.
பிறகு கணக்கு:
ஆயிரத்து அறுநூற்று எண்பத்தேழிலிருந்து
பதின்மூன்று பதின்மூன்றாகக் குறைக்க வேண்டும்.
தடுமாறினால் நான் சொல்ல ஒரே வாக்கியம் உண்டு:
“தவறு. முதலிலிருந்து.”
இரண்டு முறை சொன்னேன்.
தோளைக் குலுக்கிவிட்டு,
உமிழ்நீர் எடுக்கும் பஞ்சுச் சுருளைக்
கன்னத்தில் அதக்கிக்கொண்டு
ஏணியிலிருந்து இறங்குபவர்போல் போய்விட்டார்.

வியாழக்கிழமை அதே முகம் திரும்பி வந்தது.
அதே பிளந்த தாடை.
ஃபோல்க்கர். பதினோரு நிமிடம் இளையவர்.
பள்ளியில் கணக்கு வாத்தியார்.

இருவரின் பிறப்பு எடையும்
பேராசிரியரின் அலமாரியில், ஒட்டிய உறைக்குள்.
எங்களுக்குத் தெரியக் கூடாது.
ஒரே வயிற்றில் யாருக்கு இடம் குறைந்தது,
கொடி வழியே யாருக்குப் பங்கு குறைந்தது,
அந்தக் கிராம் கணக்கு
நாற்பத்தாறு வருடம் கழித்து
ஓர் அறைக்கு நடுவே நிற்கும்போது
கார்டிசாலாக எழும்புமா என்பதே கேள்வி.
தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள்.
இங்கே தொட்டிலுக்கும் முன்னே போய்த்
தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஃபோல்க்கர் 1674 என்றார். 1661 என்றார்.
அதன்பின் எண்கள் அவரைக் கைவிட்டன.
தினமும் முப்பது பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வாய்.
கழுத்தில் சிவப்பு ஏறியது,
கை சாக்பீஸைத் தேடியது.
“தவறு. முதலிலிருந்து.”
உறையைப் பிரிக்காமலே
படித்துவிட்டதுபோல் இருந்தது எனக்கு.
அப்படி நினைப்பதும் தவறு.
ஒரு மனிதர் ஒரு வளைகோடு அல்ல
என்பதும் பயிற்சியில் சொன்னதுதான்.

சொல்ல மறந்தேன்:
கோட்டுக்குள் எனக்கு இருபத்தொரு வாரம்.
பிள்ளைக்குப் பின்னால் வெளிவருவதை
எங்கள் வீட்டில் நஞ்சு என்போம்.
இங்கே வந்து படித்தேன்,
நஞ்சை முறிப்பதே அதன் வேலையாம்.
தாயின் பதற்றம் ரத்தத்தில் வந்து நின்றால்
வாசலிலேயே பல்லைப் பிடுங்கி அனுப்பும்.
கீழே ரோமர் கட்டிய கருப்புக் கோட்டைவாசல்,
சாந்தில்லாமல் கல்மேல் கல்.
அதன் வழியே நடக்கும்போதெல்லாம் கேட்பேன்:
நீ எல்லாவற்றையும் தடுத்தாயா?
ஏறக்குறைய எல்லாவற்றையும் என்கிறது புத்தகம்.
விசா கடிதம் வந்த ராத்திரிகளில்
அந்த ‘ஏறக்குறைய’ மட்டும்
என்னோடு விழித்திருக்கும்.

மூன்றாம் முறை அவர் 1648 என்றபோது
உள்ளேயிருந்து ஓர் உதை.
முதல் உதை.
என் முகம் அசைந்துவிட்டது.
அசைந்தது என்ன, பல் தெரியச் சிரித்தேன்.

தனக்கென்று நினைத்துக்கொண்டார் ஃபோல்க்கர்.
மூச்சு இறங்கியது.
1635, 1622, 1609, 1596
மழை ஓய்ந்த கூரைச் சொட்டுபோல்
எண்கள் விழுந்துகொண்டே இருந்தன,
மணி அடித்த பிறகும்.

நெறிமுறை மீறல் என்று
சிவப்பில் எழுதினார்கள்.
அவருடைய பஞ்சுச் சுருள்கள்
கணக்கில் சேரவில்லை.
அண்ணனுடையதும்தான், ஜோடி உடைந்ததால்.
உறை பிரிக்கப்படவே இல்லை.

அன்றே வேலையை விட்டேன்
என்று எழுத ஆசை.
வாடகை இருக்கிறது.
எச்சரித்து வைத்துக்கொண்டார்கள்.

இந்தச் செவ்வாய் ஒரு தபால்காரப் பெண்.
குரல் நடுங்குகிறது.
நான் கல்லாக உட்கார்ந்திருக்கிறேன்.
மேசைக்கு அடியில்
ஒரு விரல் மட்டும்
கோட்டுப் பொத்தானுக்குக் கீழே தட்டித் தட்டி
‘ம்’ கொட்டிக்கொண்டிருக்கிறது.