நூற்று முப்பத்தொன்பது

விடியலில் ஏலம், கடலூர் முதுநகர் துறைமுகத்தில்.
அங்கே என் வாயில் எண்கள் ஏறும்.
முந்நூறு, முந்நூற்றைம்பது, நானூறு.
கூடைமேல் குனிந்த முகங்களில்
எவன் புருவத்தைத் தூக்குகிறான் என்று பார்த்தபடி
ஏற்றிக்கொண்டே போக வேண்டும்.

சனி இரவு புதுச்சேரி, முத்தியால்பேட்டை,
மதுக்கடைக்கு மேலே ஏசி ஓடாத மாடி.
அங்கே எண்கள் இறங்கும்.
ஐந்நூற்றொன்றில் தொடங்கிப் பூஜ்யத்துக்கு,
அதுவும் டபுளில் கால் வைத்துத்தான்
இறங்க வேண்டும்.
கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட்,
டார்ட் பலகைக்கு ஒரு முழம் தள்ளி நிற்பேன்.
அம்பு வரும் காற்று காதில் படும்.
இரவுக்கு அறுநூறு ரூபாய், இரண்டு பரோட்டா.
நான் சாப்பிடப் போகும்போது சால்னா தீர்ந்திருக்கும்.

மீன் நாத்தம் அடிக்கிற ரெஃப்ரி என்றான் ஒருவன்
முதல் வாரம்.
அவன் போட்டது இருபத்தாறு.
இருபத்தாறு என்று மட்டும் அறிவித்தேன்.

மூன்று அம்பும் மும்மடங்கு இருபதில் குத்தினால்
கூட்டம் நாற்காலியை விட்டு எழும்படி
இழுத்துக் கூவ வேண்டும்.
ஆங்கிலத்தில் எய்ட்டீஈஈ என்று வால் நீண்டுகொண்டே போகும்.
நம் எண்பதோ குற்றியலுகரத்தில் முடிகிறது.
இழுத்தால் அறுந்துவிடும்.
ஒரு மாதம் உப்பனாற்றுப் பாலத்தில்
வண்டியை ஓரங்கட்டிக் கத்திப் பார்த்தேன்.
நூற்றி ஏஏஏஏண்பது.
ஏகாரத்தில் ஏறி, ண்-இல் ஒரு நொடி தொங்கி,
கடைசித் துவைச் சட்டென்று உதறிவிட வேண்டும்.
பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொல்தா கபிரியேல்
அன்றைக்கெல்லாம் டம்ளரால் மேசையைத் தட்டினார்.

பதினோரு வருடம்.
காரைக்கால், மாஹே, ஒருமுறை கோவா.
தொண்டையில் முடிச்சு விழுந்து
ஜிப்மரில் அறுத்தார்கள். பேசக்கூடாது என்ற மாதத்தில்
ஏலத்தை விரல்களால் நடத்தினேன்.
அஞ்சலாட்சி கணக்குத் தப்பாது என்பார்கள்.

தப்பியது.

சவரிநாதன், வெல்டர். அரையிறுதி.
பாக்கி நூற்றெண்பது.
அறுபது. அறுபது. இருபது.
நூற்று முப்பத்தொன்பது என்றது என் வாய்.
எழுதுகிற பையன் கழித்து நாற்பத்தொன்று என்று எழுதினான்.
நாற்பது என்றால் ஒரே அம்பு, டபுள் இருபது,
தூக்கத்தில்கூட அதை அடிப்பான்.
நாற்பத்தொன்று என்றால்
முதலில் ஒரு ஒன்றைத் தேடிக் குத்த வேண்டும்.
அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

எதிராளி மூன்றும் எறிந்த பிறகுதான் உறைத்தது.
அதற்குமேல் திருத்த விதியில் இடமில்லை.
விதிதான் என் வாயை மூடியது என்று
நம்பப் பார்க்கிறேன்.

ஒன்றில் ஒன்று.
அடுத்தது கம்பியில் மோதித் தரையில்.
கடைசி, நூலிழை வெளியே.
எதிராளி வந்து முடித்துவிட்டான்.
ஆட்டம் முடிந்தது என்று நான்தான் கூவினேன்.
குரல் அன்றைக்கு நன்றாகவே இருந்தது.

காரணம் தேடாத இடமில்லை.
அன்று காலை எந்தக் கூடையும்
அந்த விலைக்குப் போகவில்லை.
பையில் போன் அதிரவில்லை.
அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

நேற்று கடலூர் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.
முன்கையில் தீப்பொறி விழுந்த புள்ளிகள்.
அக்கா, நீங்க கூப்பிட்டாத்தான் என் கை நிக்குது என்றான்.
அரியாங்குப்பத்தில் சொல்லலாம் என்றிருந்தேன்.
தவளக்குப்பத்தில்.
கிருமாம்பாக்கத்தில் ஒரு கல்யாணக் கூட்டம் ஏறியது.
கன்னியக்கோயிலில் அவன் இறங்கினான்.

எனக்கும் சேர்த்து அவனே டிக்கெட் எடுத்திருந்தான்.
சில்லறையில்லாத கண்டக்டர்
அதன் முதுகில் 1 என்று எழுதி வட்டம் போட்டிருந்தார்.
நீங்க வாங்கிக்குங்க அக்கா என்று
என் கையில் வைத்துவிட்டுப் போனான்.

கடலூர் வந்தது. கேட்காமல் இறங்கிவிட்டேன்.