சுண்ணாம்பின் இடது கண்

ராய்ப்பூருக்கு மாற்றலான பேங்க் மேனேஜர்
சங்கிலியோடு என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு
ரயிலேறினார்.
வெள்ளை ஸ்பிட்ஸ். ஏதோ இந்திப் பேர்,
எங்கள் வாயில் நிற்கவில்லை.
சுண்ணாம்பு என்று வைத்தோம்.

பேர் வைத்த ராசியோ என்னவோ, ஒரே மாதத்தில்
வெற்றிலை எச்சில் ஒழுகின மாதிரி
கண்ணுக்குக் கீழே இரண்டு சிவப்புக் கோடு.

மூணாறு தலைப்பில் நான் லஸ்கர்.
வெண்ணாறு மூன்றாய்ப் பிரியுமிடத்தில்
எந்த ஷட்டர் எத்தனை அடி என்று போன் வரும்.
தூக்குவேன். நோட்டில் எழுதுவேன்.
இருபத்திரண்டு வருசமாய் ஆறு பார்க்கிறேன்,
நாய் அழுது பார்த்ததில்லை.

"பழைய ஆளை நினைச்சு உருகுது"
என்றாள் செங்கமலம்,
அதன் இட்லியில் நெய் விட்டபடி.
"போர்த் தண்ணி, அம்புட்டும் இரும்பு.
உங்க வீட்டுக் குடத்தைப் பாரு, அதே கறை"
என்றார் டீக்கடை வைத்திலிங்கம்.
மெடிக்கலில் ஒரு பொடி தந்தார்கள்.
பொடி இருந்தவரை வெளுத்தது,
தீர்ந்ததும் சிவந்தது.
எலுமிச்சம்பழம் பிழியச் சொன்னவனோடு
நான் இப்போது பேசுவதில்லை.

மனசு கேட்காமல் ராய்ப்பூருக்கே போன் போட்டேன்.
நாய் அழுவுது சார்.
"இங்கேயும் அப்படித்தான்.
என் மனைவி தினமும் காலையில் துடைப்பாள்."

மன்னார்குடி. டாக்டர் ஜெசிந்தா
டார்ச்சைக் கண்ணில் அடித்துவிட்டுச் சொன்னார்:
துக்கமில்லை. தண்ணீருமில்லை.
ரத்தத்தில் பழைய அணுக்கள் சிதைந்து மிஞ்சுகிற சாயம்.
கண்ணீரிலும் எச்சிலிலும் வெளியேறும்.
எல்லா நாய்க்கும் உண்டு,
வெள்ளை நாய்தான் காட்டிக்கொடுக்கும்.
பொடியைக் குப்பையில் போடுங்க.
ஏன் வழியுதுன்னுதான் பாக்கணும்.

வலது இமையில் ஒரு முடி
உள்ளே பார்த்து முளைத்திருந்தது.
தன் மயிரே தன்னைக் குத்த
அந்தக் கண் ஓயாமல் சுரந்திருக்கிறது.
பிடுங்கினார்.

பிறகு இரண்டு கண்ணிலும் பச்சைச் சாயம் ஒவ்வொரு சொட்டு.
"மூக்கைப் பாருங்க.
கண்ணுலேருந்து மூக்குக்கு ஒரு வாய்க்கால் இருக்கு.
அது அடைச்சுக்கிட்டா
கரை மீறிக் கன்னத்துல வழியும்."

என்னிடமா சொல்கிறீர்கள் டாக்டர்.
மேட்டூர் திறந்து பதினைந்து நாள் கழித்தும்
முத்துப்பேட்டைப் பக்கமிருந்து போன் வரும்,
என்னய்யா திறந்தீங்க என்று.
இங்கே கழுத்தளவு ஓடும்.
நடுவில் மண்ணும் ஆகாயத்தாமரையும்.
அங்கே வெடிப்பில் தவளைகூட இருக்காது.

வலது மூக்கில் பச்சை எட்டிப் பார்த்தது.
இடது மூக்கு
காய்ந்தே கிடந்தது.

வியாழக்கிழமை மயக்க ஊசி.
முடியைவிடக் கொஞ்சம் தடித்த குழாய்,
உப்புத் தண்ணீர், டாக்டரின் கட்டைவிரல்.
ஒரு தரம், இரண்டு தரம்.
மூன்றாவதில்
புதுத்தண்ணீர் வருவதுபோல
முதலில் கலங்கலாய், சளியும் அழுக்குமாய்,
பின்னால் தெளிவாய்
மூக்கு நுனியில் சொட்டியது.

"கடைமடைக்கு வந்துடுச்சு!"
வாய் தானாகக் கத்திவிட்டது.
கம்பவுண்டர் சிரித்தார்.
டாக்டர் சிரிக்கவில்லை.
"எங்கப்பா வயல் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கால.
இந்த வருசம் வரலை."
கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்,
என் வேலை என்னவென்று தெரியாமல்.

நானும் சொல்லவில்லை.
ஷட்டர்தான் என் கையில்.

கொதித்து ஆறின தண்ணீரில் பஞ்சு நனைத்து,
மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாய்த் துடைத்து,
ஈரம் நிற்காமல் ஒற்றி எடுக்கச் சொன்னார்.
ஈரம் நின்றால் பூஞ்சை வந்து நாறுமாம்.
பிடித்த கறை போகாது,
முடி வளர வளரக் கத்தரிக்க வேண்டியதுதான்.

செங்கமலம் துடைக்கிறாள்.
இன்னமும் அழுகை என்றுதான் சொல்கிறாள்,
குறைந்திருக்கிறதாம்.

பிடுங்கின இமைமுடி திரும்ப முளைக்கும்.
ஆறு வாரம் கழித்துக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்.
சுண்ணாம்புக்கு எப்படி இருக்கு என்று கேட்பார்.
வயலுக்கு எப்படி என்று
நானும் கேட்க வேண்டும்.
நோட்டில் பதில் இருக்கிறது.
இருந்தாலும்.