எத்தனை பவுண்டு

ஆளை நிறுத்துத்தான் ஏற்றுவேன்.
அனியாக் ஓடுதளத்தில்
பதினொரு குளிர்காலமாக இதுதான் வேலை.
"எத்தனை பவுண்டு?" என்றால்
எல்லோரும் பத்தைக் குறைத்துச் சொல்வார்கள்,
பாதிரியார் மட்டும் பதினைந்து.
பூட்ஸ், பர்க்கா, மடியில் உறங்கும் பிள்ளை,
உறைந்த சால்மன் பெட்டி, படகு மோட்டார்.
எல்லாவற்றுக்கும் ஒரே தராசு.

மூக்கு கனக்கிறதா, வால் கனக்கிறதா
விமானிக்கு முன்பே எனக்குத் தெரியும்.
"பிறகு தரையில் ஏன் நிற்கிறாய், அகாஃபியா?"
என்றான் எவோன், பெட்ரோல் ஊற்றிக்கொண்டே.
விளையாட்டாகத்தான் கேட்டான்.
மூன்று வாரம் கழித்துப் புத்தகம்
என் தராசுக்கே வந்து இறங்கியது.
இரண்டே முக்கால் பவுண்டு.

சலவைக்கடையில் படித்தேன்,
பிறர் துணிகள் சுழலும் சத்தத்தில்.
உயிரெழுத்தை விழுங்கிவிட்டு
வெறும் மெய்யெழுத்தில் பேசுகிறது வானிலை அறிக்கை.
உண்மை வடக்கு வேறாம், காந்த வடக்கு வேறாம்.
கிழக்கென்றால் கழி, மேற்கென்றால் மேலே கூட்டு
என்று கைதுடைக்கும் தாளில் எழுதி
கண்ணாடியில் ஒட்டினேன்.
வெப்பத்தில் காற்று மெலியும், இறக்கை தடுமாறும்
என்று நாற்பது பக்கம்.
எழுதியவர் வெயிலூர்க்காரர் போலும்.
இங்கே ஜனவரிக் காற்று
கையால் தள்ளவேண்டிய கெட்டி.

தேர்வு ஆங்கரேஜில்.
போகிற விமானத்தில் என்னையும் கேட்டார்கள்.
வாய் தானாகவே பத்தைக் குறைத்தது.

பையைத் திருப்பிக் காட்டச் சொன்னார்கள்.
ஒரு பென்சில், இரண்டு வெள்ளைத் தாள்,
திரும்பத் தரவேண்டிய படப் புத்தகம்.
அதன் ஓரத்தில் யாரோ நகத்தால் போட்ட கீறல்.
பக்கத்து மேசைப் பெண் எழுதுவது
பல் சுகாதாரத் தேர்வு.
எனக்கு அறுபது கேள்வி, இரண்டரை மணி நேரம்.

இருபத்து மூன்றாவது:
பின்னிருக்கைக்காரர் முன்னிருக்கைக்கு மாறினால்
எடையின் மையம் எவ்வளவு நகரும்?
அக்டோபர் வந்து நின்றது கண்ணில்.
பின்னால் சவப்பெட்டி.
"அவரோடு உட்கார்கிறேனே" என்றாள் மிஸஸ் கமரோஃப்.
வால் தாங்காது என்றேன்.
கையைப் பிடித்து முன்னால் இருத்தினேன்.
வழியெல்லாம் திரும்பிப் பார்த்தே போனாளாம்.
அன்று அதை ஊரார் கல்நெஞ்சு என்றார்கள்.
இன்று அதற்கு விடை அங்குலத்தில்:
அ, ஆ, இ, மூன்றில் ஒன்று.
கணக்குப் போடாமல் தொட்டேன்.
பிறகு பயந்து போட்டுப் பார்த்தேன். சரிதான்.

எண்பத்தெட்டு.
தேர்ச்சிதான். ஆனால் தவறிய ஏழையும்
ஆங்கில எழுத்தும் எண்ணுமாக
சங்கேதத்தில் அச்சிட்டுத் தந்தார்கள்.
எந்தக் கேள்வி என்று சொல்லமாட்டார்கள்,
எந்தப் பகுதி என்பது மட்டும்.

விமான நிலையத்தில் காபி ஆறும்வரை
ஒவ்வொன்றாய் அவிழ்த்தேன்.
ஆறு, மேகமும் வான்வெளி எல்லையும். போகட்டும்.
ஏழாவது, விமானியின் மனம்.
அது எந்தக் கேள்வி என்று எனக்குத் தெரியும்.
"நான் என்ன செய்து என்ன ஆகப்போகிறது"
என்று நினைப்பவர்
தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியது எது?
அதில் நெடுநேரம் நின்றிருந்தேன்.
மூன்று விடையும் நியாயமாகத்தான் தோன்றின.

திரும்பும் விமானத்துக்குப் புதுப் பையன்.
"எத்தனை பவுண்டு?"
உள்ளதைச் சொன்னேன்.
எழுதிக்கொண்டு என்னைக் கடைசி இருக்கைக்கு அனுப்பினான்.
எனக்குப் பின்னால்
வலைக்குள் இரண்டு ஜெனரேட்டர்.

படியில் நின்றேன்.
"தம்பி, வால் கனக்கிறது."
விமானி எட்டிப் பார்த்தார்.
பையன் காதுவரை சிவந்து
பென்சிலை எடுத்தான், நாக்கைக் கடித்துக்கொண்டு
கூட்டினான், அழித்தான், மறுபடி கூட்டினான்.

காத்திருந்தோம், ஒன்பது பேர்,
பனி பூட்ஸில் ஏற ஏற.
ஒரு ஜெனரேட்டர் இறங்கியது.