வரிசை மாறிய பனி

கொழும்பிலிருந்து வந்த தாள்:
மார்கழி முதல் மாசி வரைக்குமான எதிர்வுகூறல்.
வடக்கில் மழை சராசரிக்குச் சற்று மேல்,
வாய்ப்பு அறுபது வீதம்.
எழுத்தைப் பெரிசாக்கி அச்செடுத்து
கமநல சேவை நிலையத்துச் சுவரில்
போன வருசத் தாளின் மேலேயே ஒட்டினேன்.

"மிச்ச நாப்பது வீதத்துக்கு
நான் என்னத்தை நடுறது, பிள்ளை?"
சற்குணராசா கேட்டார்.
புன்னாலைக்கட்டுவனில் எட்டுப் பரப்பு,
விதைக்கிழங்குக்காக மனைவியின் காப்பு அடைவில்.
நான்கு வருடப் பட்டப்படிப்பில்
எந்தத் தாளிலும் வராத கேள்வி.

மழை சொன்னபடி வந்தது.
பிறகு சொல்லாதபடியும் வந்தது.
மழைமானிப் போத்தல் தளும்பி நின்ற விடியலில்
மில்லிமீற்றர்க் கட்டத்துக்குள்
"வழிந்தது" என்று எழுதினேன்.
மாவட்டச் செயலகத்திலிருந்து அழைப்பு:
வழிந்தது ஓர் எண் அல்ல, மிஸ்.

எண் அல்லத்தான்.
வரம்பு கரைந்து ஓடி
பலாலி வீதித் தார் சிவந்து கிடந்தது.
கிணறுகள் குனிந்து அள்ளும் உயரத்துக்கு
ஏறி வந்து எங்களைப் பார்த்தன.
வெங்காயத் தறையில் ஐந்து நாள் தவளைகளின் குடித்தனம்.
ஆறாம் நாள் சற்குணராசா
மண்வெட்டியோடு இறங்கி
பாத்தியை மறுபடி பாத்தியாக்கினார்.

தை பிறந்தது.
அடுத்த தாள், இம்முறை அட்டவணை.
மாவட்டத்துக்கு ஒரு வரி.
தட்டச்சில் வரி வழுக்கியதா
என் கண் வழுக்கியதா தெரியாது,
நுவரெலியாவின் சொல்
யாழ்ப்பாணத்துக்கு நேரே வந்து குந்தியிருந்தது:
அதிகாலையில் துகள் உறைபனி.
நான் அதை வாசித்து
விவசாயிகளின் வட்ஸ்அப் குழுவுக்குக் குரலாகவும் அனுப்பினேன்.
நல்ல குரல் என்று சொல்வார்கள்.

முதலில் சிரிப்பு முகங்கள்.
"இனி ஐஸ்கிறீம் கடைக்குக் கறண்ட் வேண்டாம்."
வின்னிபெக்கில் இருக்கும் ஆரோ ஒரு மருமகன்:
"இங்க மைனஸ் இருபது. ஆள் மாறி அங்க வந்திட்டுதோ?"
இரவு ஒன்பதுக்குத்தான் எனக்கு உறைத்தது.
திருத்தம்: உறைபனி இல்லை. பனி மட்டும்.
எல்லாருக்கும் போனது.
சற்குணராசாவின் பெயருக்கு நேரே மட்டும்
ஒற்றைச் சரி, சாம்பல் நிறத்தில்.

விடிய நாலரைக்கு ஸ்கூட்டியை எடுத்தேன்.
முன்விளக்கு பத்தடிக்கு மேல் போகவில்லை,
வெள்ளைச் சுவரில் முட்டித் திரும்பியது.
மன்னிப்பை இரண்டு விதமாக
வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடி போனேன்.

தோட்டம் முழுக்கத் துணி.
நூல்சேலைகள், படுக்கை விரிப்பு,
யூரியாப் பைகளைப் பிரித்துத் தைத்த பாய்,
நுளம்பு வலை,
ஏதோ விளையாட்டுப் போட்டியின் பதாகை,
அதில் பாதி மட்டும் தெரிந்தது: "வருக, வரு".
அரக்குக் கரைக் கூறைச் சேலையொன்று
வாய்க்கால் ஓரப் பாத்திக்கு.
தேவமலர் டோர்ச் பிடிக்க
அவர் முழங்காலில் நின்று
சேலையின் ஒரு முனையைத் தூக்கினார்.

மேலே துணி சொட்டியது.
கீழே இலைகள் உலர்ந்து,
அப்போதுதான் கண்விழித்தவை போல.
துணி போதாமல் விட்ட மூன்று பரப்பில்
ஒவ்வொரு இலையும் நனைந்து தலை தொங்கி நின்றது.
இப்படி நாலு விடியல் நனைந்தால்
கருகல் எங்கிருந்து தொடங்கும் என்று
எனக்கு மட்டுமல்ல, அவருக்கும் தெரியும்.

"உறைபனி வரேல்லை, பிள்ளை" என்றார்.
"மூடினதைக் கண்டிட்டுத் திரும்பிப் போட்டுது."

நான் திருத்தம் என்று தொடங்கினேன்.
தேவமலர் கூறைச் சேலையைப் பிழிந்தார்.
செம்மண் தண்ணி, கொஞ்சம் அரக்குச் சாயமும்.
அது இனிச் சேலை இல்லை.

"இண்டைக்கு இரவும் வருமோ?"
எந்தப் பனியைக் கேட்கிறார் என்று
நான் கேட்கவில்லை.
"வரும்" என்றேன்.
எத்தனை வீதம் என்று
அவரும் கேட்கவில்லை.